பழைய ஜாவா கோடில் நியூஇன்ஸ்டன்ஸை மாற்றும்போது

தஞ்சை மாவட்ட நெல் கொள்முதலுக்கு எழுதிய ஒரு பழைய ஜாவா மென்பொருள் என்று வையுங்கள். குறுவைக்கு ஒரு கிளாஸ், சம்பாவுக்கு ஒன்று, தாளடிக்கு ஒன்று. எது வேண்டும் என்பது கான்ஃபிக் ஃபைலில் பெயராக இருக்கும், கிளாஸ்.ஃபார்நேம் அதைத் தேடித்தர, நியூஇன்ஸ்டன்ஸ் ஆப்ஜெக்ட் ஆக்கும். இந்த இரண்டாவது அழைப்பைத்தான் 2017-இல் வந்த ஜாவா 9 டெப்ரிகேட் செய்தது, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கியது. சம்பா கொள்முதல் ஓய்ந்து குறுவை அறுப்பு தொடங்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பழைய அழைப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கச் சாதாரணத் தேடலை நம்ப வேண்டாம். எக்ஸ்எம்எல் படிக்கும் டாக்குமென்ட்பில்டர்ஃபேக்டரிக்கும் நியூஇன்ஸ்டன்ஸ் உண்டு. அதைத் தொட்டால் கோடு உடையும். ஜாவா கம்பைலரான ஜாவாசியை -எக்ஸ்லின்ட்:டெப்ரிகேஷன் கொடுத்து ஓட்டுங்கள். அது 100 எச்சரிக்கையோடு நின்றுவிடும், கூடவே -எக்ஸ்மேக்ஸ்வார்ன்ஸ் 10000 என்றும் போடுங்கள். சோர்ஸ் இல்லாத ஜார்களுக்கு (கம்பைல் செய்து கட்டிய ஃபைல்கள்) ஜேடெப்ர்ஸ்கேன் என்ற கருவி.

மாற்று: கெட்டிக்ளேர்டுகன்ஸ்ட்ரக்டர்().நியூஇன்ஸ்டன்ஸ்(). வெறும் கெட்கன்ஸ்ட்ரக்டர் பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர்களை (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) மட்டும்தான் பார்க்கும். பேக்கேஜுக்குள் மட்டும் திறந்த கன்ஸ்ட்ரக்டர்கள் அதற்குச் சிக்காது. அனுமதிச் சோதனையைத் தளர்த்தும் செட்ஆக்ஸஸிபிள் சேர்க்கத் தேவையில்லை, அனுமதி விதி பழையபடியேதான்.

உண்மையான வேலை, எக்ஸப்ஷன் எனும் பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்குகளில். சம்பா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் 17 சதவீத ஈரப்பத வரம்பை ஒரு ஃபைலிலிருந்து படிக்கிறது; ஃபைல் இல்லை. முன்பு ஐஓஎக்ஸப்ஷன் அப்படியே வெளியே வந்தது. கம்பைலர் கண்ணில் படாமல் அது நழுவியதால்தான் பழைய அழைப்பையே கைவிட்டார்கள். இப்போது அது இன்வொகேஷன்டார்கெட்எக்ஸப்ஷனுக்குள் பொதிந்து வரும். பொதுவான கேட்ச் எக்ஸப்ஷன் இருந்தால் கம்பைலரும் வாய் திறக்காது. இன்வொகேஷன்டார்கெட்எக்ஸப்ஷனின் கெட்மெசேஜ் தருவது நல் (null), அதாவது வெறுமை. லாகில் ‘நல்’ என்ற ஒற்றைச் சொல்தான் நிற்கும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் காத்துக்கிடக்கும். எனவே அந்த எக்ஸப்ஷனைத் தனியாகப் பிடித்து, கெட்காஸ் தரும் மூலப் பிழையை எடுத்து லாகில் எழுதுங்கள்.

இன்னொரு பொறி: ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டரே இல்லையென்றால் முன்பு வந்தது இன்ஸ்டன்ஷியேஷன்எக்ஸப்ஷன், இனி நோசச்மெதட்எக்ஸப்ஷன். முன்னதைப் பிடித்து டீஃபால்ட் கிளாஸுக்குத் தாவும் கோடு இருந்தால் அந்தத் தாவல் நடக்காது. இந்த இரண்டு நிலைமைக்கும் டெஸ்ட் எழுதிவிட்டே மாற்றத் தொடங்குங்கள்.

அணுக அனுமதி உண்டா என்று பார்க்க இஸ்ஆக்ஸஸிபிள் அழைக்கும் கோடும் இருந்தால், அதற்குப் பதில் கேன்ஆக்ஸஸ். ஸ்டாட்டிக் அல்லது கன்ஸ்ட்ரக்டர் என்றால் நல் கொடுங்கள், மற்றதற்கு ஆப்ஜெக்ட்; மாற்றிக் கொடுத்தால் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸப்ஷன் வரும்.