‘பதிப்பி 2 + 3 * 4’ எப்படி 14 ஆகிறது? ஒரு குட்டி இன்டர்பிரட்டர்

எழில் நிரல்மொழியில் விடையைத் திரையில் காட்டும் கட்டளை ‘பதிப்பி’. அதே சொல்லை வைத்து, ஒரு வரியை மட்டும் படித்து இயக்கும் நிரலை, அதாவது ஓர் இன்டர்பிரட்டரை, பைத்தானில் கட்டுவோம். எண்கள், நான்கு கணக்குக் குறிகள், அடைப்புக்குறி ஆகியவை போதும்.

படி 1: டோக்கன் பிரித்தல்

டோக்கன் என்பது வரியின் ஒரு துண்டு: ஒரு சொல், எண் அல்லது குறி. வரியை இடமிருந்து படியுங்கள். இலக்கங்கள் தொடரும்வரை சேர்த்தால் ஓர் எண். குறி ஒவ்வொன்றும் தனி டோக்கன். இடைவெளியைத் தள்ளிவிடுங்கள். கடைசியில் ‘முடிவு’ என்றொரு டோக்கனையும் சேருங்கள்.

பதிப்பி | 2 | + | 3 | * | 4 | முடிவு

தமிழ்ச் சொல் வரும்போது கவனம் வேண்டும். கண்ணுக்கு ‘பதிப்பி’ நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையிலோ ஏழு குறியீடுகள், ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக நிற்கின்றன. பைத்தானின் ‘இஸ்ஆல்ஃபா’ (isalpha) சோதனை இவற்றை எழுத்தாக ஏற்காது. சொல் ‘பத’ என்று அறுந்துபோகும். அதற்குப் பதிலாகக் குறியீட்டு எண் 2944 முதல் 3071 வரை உள்ளதா என்று பாருங்கள். ௧, ௨ போன்ற தமிழ் இலக்கங்களும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ஆகவே இலக்கச் சோதனையை முதலில் வையுங்கள்.

படி 2: பார்சர் (டோக்கன்களை இலக்கண விதிப்படி மரமாக அடுக்கும் பகுதி)

கோவை: உறுப்புகள், இடையில் + அல்லது -
உறுப்பு: காரணிகள், இடையில் * அல்லது /
காரணி: எண், அல்லது அடைப்புக்குறிக்குள் ஒரு கோவை

ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபங்ஷன் (கணு என்பது அந்த மரத்தின் ஒரு முனை):

கோவை():
  இடது = உறுப்பு()
  அடுத்த டோக்கன் + அல்லது - ஆக இருக்கும்வரை:
    குறி = எடு()
    இடது = கணு(குறி, இடது, உறுப்பு())
  விடை: இடது

‘உறுப்பு’ 3 * 4 முழுவதையும் சேர்த்துக் கொடுத்த பிறகே ‘கோவை’ கூட்டல் கணுவைக் கட்டுகிறது. முன்னுரிமை விதி தானாக அமைந்துவிடுவது இப்படித்தான். இங்கே ‘இருக்கும்வரை’ என்ற சுழல் தவறக்கூடாது. வலப்பக்கத்துக்கு ‘கோவை’யையே மறுபடி அழைத்தால் 10 - 4 - 3 என்பது 10 - (4 - 3) ஆகி, 3க்குப் பதில் 9 வரும்.

படி 3: இயக்குதல்

கிடைத்த மரத்தின் உச்சியில் +, இடக்கிளையில் 2, வலக்கிளையில் * (3, 4). எண் கணு தன் மதிப்பைத் தரும். குறிக் கணு இரு கிளைகளையும் மதிப்பிட்டுக் கணக்கிடும்: 12, பிறகு 14.

கோவை முடிந்ததும் அடுத்த டோக்கன் ‘முடிவு’தானா என்று கட்டாயம் பாருங்கள். பார்க்காவிட்டால் ‘பதிப்பி 2 + 3 4’ எந்தப் பிழையும் காட்டாமல் 5 என்று அச்சிடும். 8 / (4 - 4) வேறு வகை: இலக்கணம் சரி என்பதால் பார்சர் விட்டுவிடும், பூச்சிய வகுத்தலை இயக்கும்போதுதான் பிடிக்க முடியும்.