கெர்னல் டிரைவரை உள்ளேயே சேர்ப்பதா, மாட்யூலாக விடுவதா?

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை நாமே கம்பைல் செய்யும்போது, எதை எப்படிச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையைத் திறந்ததும் பலரும் வேகத்தை நினைத்து எல்லாவற்றுக்கும் ஒய் போட்டுவிடுகிறார்கள். வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒய் என்றால் டிரைவர் கெர்னல் கோப்புக்குள்ளேயே இருக்கும், எம் என்றால் லிப் மாட்யூல்ஸ் டைரக்டரியில் தனிக் கோப்பாகக் கிடந்து தேவைப்படும்போது ஏறும். ஏறிய பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும். பார்க்க வேண்டியது இதைத்தான்: சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆவதற்கு (அதாவது பயன்பாட்டுக்குத் திறப்பதற்கு) முன்பே இந்த டிரைவர் வேண்டுமா?

உங்கள் ரூட், என்விஎம்இ டிஸ்க்கில் (ஒரு வகை எஸ்எஸ்டி) இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் எம் போட்டு, பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் சின்ன தற்காலிக ஃபைல்சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இல்லையென்றால், டிஸ்க்கைத் திறக்க வேண்டிய டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், பூட் ஆகும்போது 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்' என்று கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிடும். டெபியன் லினக்ஸ் இந்த இரண்டையும் மாட்யூலாகத்தான் தருகிறது, ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் அவற்றை முதலிலேயே ஏற்றிவிடுவதால் சிக்கல் வருவதில்லை. அது இல்லாமல் பூட் செய்யப் போகிறீர்கள் என்றால் டிஸ்க் கன்ட்ரோலர், ஃபைல்சிஸ்டம் இரண்டுக்கும் கட்டாயம் ஒய். ரூட்டை லக்ஸ் என்ற டிஸ்க் என்கிரிப்ஷன் வைத்துப் பூட்டியிருந்தால் பாஸ்வேர்டு கேட்கவே இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும், அதனால் அங்கே மாட்யூலே போதும்.

மற்றதெல்லாம் எம் என்பதுதான் என் கருத்து. முக்கியமாக ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்ற வேண்டிய தனி நிரல்) கேட்கும் டிரைவர்கள். ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவரான ஏஎம்டிஜிபியூவுக்கு ஒய் போட்டால் ரூட் மவுன்ட் ஆவதற்கு முன்பே அது எழுந்து லிப் ஃபர்ம்வேர் டைரக்டரியைத் தேடும், அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று வரும். ஒய்தான் வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் கோப்புகளையும் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் ஆப்ஷனில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், இல்லை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்க வேண்டும். எதற்கு இந்த வம்பு, எம் போட்டுவிடுங்கள்.

சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் வைஃபை செத்துக் கிடந்தால், மாட்யூலாக இருக்கும்போது மாட்ப்ரோப் ஹைஃபன் ஆர் கட்டளை கொடுத்து இறக்கி மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். உள்ளேயே இருந்தால் பெரும்பாலும் ரீபூட்தான். மாட்யூல் அமைப்புகளுக்கான மாட்ப்ரோப்.டி கோப்புகளில் எழுதும் ஆப்ஷனும் பிளாக்லிஸ்ட்டும் (ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) உள்ளே சேர்த்த டிரைவருக்குச் செல்லாது, அதற்கான பாராமீட்டரைக் பூட் செய்யும்போது தரும் கெர்னல் கமாண்ட் லைனில் டிரைவர் பெயர், புள்ளி, பாராமீட்டர் என்று கொடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை நல்லது, இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். ஓட்டுவதற்கு முன் பிரின்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள், செருகாததற்கு டிரைவர் இருக்காது. அப்புறம், ஏறிய மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட்டில் ஒரு டிரைவர் தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம், உள்ளே சேர்த்தவை அதில் வராது, மாட்யூல்ஸ்.பில்டின் கோப்பில் தேடுங்கள். புதுக் கெர்னல் ஒழுங்காக பூட் ஆகும்வரை பழையது, பூட்டின்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவிலேயே இருக்கட்டும்.