வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் மாறும் ஜெல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, எடை, லேபிள் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் வரிசையாக வந்து விழும் குழிகளை மட்டும் பார்ப்போம். ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடும் அக்ரிலிக் அமிலமும் சேர்த்துச் செய்யும் ஜெல்தான் இங்கே பேச்சு. முன்னது வெப்பத்துக்கு மாறும், பின்னது பிஎச்சுக்கு, அதாவது அமில-கார அளவுக்கு.

'அறை வெப்பநிலை'யை நம்புவது

செய்முறையில் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்றிருக்கும். எழுதியவர் அறையில் 20, 25 டிகிரி. சித்திரை மாசம் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத ஆய்வகம் 35-ஐத் தாண்டும்.

முதல் பொருளின் பாலிமர், அதாவது அதன் மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி, சுமார் 32 டிகிரி வரைதான் தண்ணீரில் கரைந்து நிற்கும். அதற்கு மேல் சங்கிலிகள் நீரை உதறிச் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டி வெளுத்துவிடும். ஜெல் கட்டும்போதே இது நடந்தால் சங்கிலிகளைக் கோக்கும் குறுக்குப் பிணைப்புகளும் அந்தக் கோலத்திலேயே இறுகிவிடும். அப்புறம் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டாலும் வெண்மை போகாது.

மே மாதத்தில் ஒரு மாணவர், பாட்டிலில் இருந்த மோனோமர் (சங்கிலியாகக் கோக்கவேண்டிய மூலப்பொருள்) மொத்தத்தையும் ஒரே பீக்கரில் போட்டுவிட்டார். "வெள்ளையா, நல்லா உறுதியா வந்திருக்கு சார்" என்று சந்தோஷம் வேறு. அந்த பாட்டில் விலை தெரிந்தவனுக்கு வயிறு எரியும். மார்கழியில் அதே செய்முறை கண்ணாடியாகத் தெளிந்து வந்தது. வீக்க அளவும் ஒத்துவரவில்லை. உடனே பழி ரசாயனக் கம்பெனி மேல்! வெயிலை யாரும் சந்தேகிக்கவில்லை.

இந்த வினையே சூடு கிளப்பும். 28 டிகிரியில் தொடங்கினாலும் பெரிய பீக்கரின் நடுப்பகுதி 32-ஐத் தாண்டிவிடும். சின்னக் குழாய்களில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து, உள்ளே தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். பெரிய துளைகள் வேண்டி, தெரிந்தே சூட்டில் கட்டுகிறவர்களும் உண்டு. அது வேறு கதை.

பழைய பெர்சல்பேட் கரைசல்

வினையைத் தொடங்கிவைப்பது பெர்சல்பேட்தான். அன்றன்று கரையுங்கள்.

அமிலத்தில் டெமெட்

பெர்சல்பேட்டின் வேலையை வேகப்படுத்தச் சேர்ப்பது டெமெட். அக்ரிலிக் அமிலம் அதில் புரோட்டானை ஏற்றி அதை முடக்கிவிடும். ஜெல் கட்டவில்லையே என்று பெர்சல்பேட்டை அள்ளிப் போடாதீர்கள். முதலிலேயே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்குங்கள்.

போர் தண்ணீரில் கழுவுவது

மிச்ச மோனோமர் நச்சு. நாள்கணக்கில் நீர் மாற்றிக் கழுவத்தான் வேண்டும். அதற்காக வாளித் தண்ணீரா? அதிலுள்ள கால்சியம் அமிலத் தொகுதிகளை இழுத்துப் பிணைக்கும். பிறகு பிஎச் 7-இல் ஜெல் வீங்கவில்லை என்று வந்து நிற்பார்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

அவசர எடை

ஜெல் வீங்கி முடிவதற்குள் எடை போடாதீர்கள். தடிமன் இரட்டித்தால் வீங்கும் நேரம் நான்கு மடங்கு. மெல்லிசாக வெட்டுங்கள்.