புது டயர் போட்டு, மலைப்பாதையும் இறங்கி வந்தபின் வண்டி ஆடுகிறதா? நாம் செய்கிற தவறுகள்

டயரை மாற்றி, அந்த வாரமோ அடுத்த வாரமோ கரடுமுரடான பாதையிலும் இறங்கிவிட்டு வந்தால், திரும்பும் வழியில் வண்டி வேறு யாருடைய வண்டியோ மாதிரி இருக்கும். ஸ்டீயரிங் நடுங்கும், இல்லை ஒரு பக்கம் இழுக்கும், இல்லை வளைவில் நாம் திருப்பிய பிறகு அரை நொடி யோசித்துத் திரும்பும். உடனே பாதிப்பேர் டயரைத் திட்டுவோம், மீதிப்பேர் நேராக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கடைக்குப் போவோம். இரண்டுமே அவசர வேலை. டயரும் மாறியிருக்கிறது, அடிப்பாகமும் அடி வாங்கியிருக்கிறது. எது எதனால் என்று பிரிக்காமல் செலவு செய்தால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். வண்டி 2021 மாடல் மஹிந்திரா தார். நாலு டயரையும் ஆல் டெரெய்னுக்கு (ரோடு, கரடுமுரடு இரண்டுக்குமான டயர்) மாற்றிய பத்தாம் நாள், ஏற்காட்டில் தெரிந்தவரின் காப்பி எஸ்டேட்டுக்குள் மழை ஈரம் காயாத பாதையில் அரைநாள் ஓட்டினோம். மறுநாள் காலை கிளம்பி, ஆத்தூர் தாண்டி 80 தொட்டதும் ஸ்டீயரிங்கில் நடுக்கம், 95-ல் கையே மரத்துவிடும் அளவுக்கு, 70-க்குக் கீழே வந்தால் சுத்தமாக ஒன்றும் இல்லை. டயர் கடைக்காரருக்கு வழியிலேயே போன் போட்டுக் கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தைக் கழற்றினால், ரிம்மின் உட்பக்கத்தில் செம்மண் அப்பி, காய்ந்து, உடைந்த ஓட்டுத்துண்டு மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் ஒரே பாளமாக வந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், 140 கிராம். சக்கரம் எடை சமமாகச் சுழல, பேலன்சிங்கில் 5 கிராம், 10 கிராம் என்று வெயிட் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறார்கள், இங்கே 140! பக்கத்திலேயே பேலன்சிங் வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தது, துண்டைக் காணோம், ஏதோ கல் உரசிக்கொண்டு போயிருக்கிறது. அன்று மாலையே கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன், மனுஷன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதனால் முதல் தவறு, வாட்டர் சர்வீஸில் வெளிப்பக்கம் பளபளப்பாக இருந்தால் போதும் என்று விடுவது. குனிந்து, ஸ்போக்குகளுக்கு நடுவே கைவிட்டு, ரிம்மின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் சம்பந்தப்பட்டது. கையில் தெரிந்தால் முன்சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரம் என்று ஆரம்பிக்கலாம். அலைன்மென்ட் தப்பினால் இப்படி நடுங்காது. இழுக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நடுக்கத்துக்கு அலைன்மென்ட் செய்து, "செஞ்சும் போகலையே" என்று திரும்பத் திரும்ப அதே கடைக்குப் போகிறோம்.

அப்புறம் காற்று. சேற்றிலும் மணலிலும் பிடிமானத்துக்காக 18 பிஎஸ்ஐ வரை இறக்குகிறோம், கீழே வந்து இருட்டில் சின்ன பம்பை வைத்து ஏற்றுகிறோம், ஒன்றில் 26, இன்னொன்றில் 33. இடதுக்கும் வலதுக்கும் நாலைந்து பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி குறைந்த பக்கம் சாயும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: புது டயர் ரிம்மில் சரியாக உட்காருவதற்காகக் கடையில் 40-க்கு மேல் ஏற்றுவார்கள், சில நேரம் அதைக் குறைக்காமலே வண்டியைக் கொடுத்துவிடுவார்கள், நாமும் "புது டயர் கல் மாதிரி இருக்கு" என்று டயரைக் குறை சொல்வோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில், ஒரே கேஜை வைத்து ஐந்து டயரையும் பாருங்கள். ஓட்டுநர் கதவுப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் கணக்கு. ஒன்று மட்டும் கவனம்: பெயருக்கு முன்னால் எல்டி என்று போட்ட டயருக்கு மாறியிருந்தால், அதே எடையைத் தாங்க ஸ்டிக்கர் அளவைவிடக் கூடுதல் காற்று தேவைப்படும். அதை டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைப் பார்த்து வையுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஆல் டெரெய்ன் டயரின் மேல் உள்ள ரப்பர் கட்டைகள் உயரமானவை, புதிதாக இருக்கும்போது அவை ரோட்டில் நெளியும், அந்த அரை நொடித் தாமதம் அதனால்தான். மேல்தோலில் அச்சிலிருந்து வந்த வழவழப்பும் இருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு வேகத்தை அடக்கி, பிரேக்குக்கு இடைவெளி விட்டு ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இழுப்பையும் நடுக்கத்தையும் "புது டயர், போகப்போக செட் ஆகிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தானாகப் போகாது.

இழுப்புக்கு எனக்குத் தெரிந்த நல்ல சோதனை காசில்லாதது. முன்னால் உள்ள இரண்டு டயரையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் டயரை விட்டுவிட்டு அடியில் தேடுங்கள். (பக்கச்சுவரில் சுழல்திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது. கடையில் அம்பு முன்னோக்கி வரும்படி மாட்டியிருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருக்கும், அதனால் இடதுபக்கம் லேசாக நகர்வது இயல்பு. சமமான இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். அடியில் எதையுமே பார்க்காமல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவது. டை ராட் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) லேசாக வளைந்திருந்தாலும், பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தளர்ந்திருந்தாலும், ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் மூட்டு) கிழிந்திருந்தாலும், மெஷினில் எண்கள் பச்சையாக வந்துவிடும். வெளியே முதல் பள்ளத்தில் இறங்கியதும் எல்லாம் பழையபடி. மெஷினில் ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள்: வண்டி தரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடட்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் இப்படியும் அப்படியுமாக அசைத்துக்கொண்டே இருக்க, நீங்கள் முன்பக்கம் பக்கவாட்டில் படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். கம்பி நகர்ந்தும் அதன் மறுமுனை உடனே நகராமல் "டிக்" என்று ஒரு சத்தத்தோடு தாமதித்தால் அதுதான் ஆள். விரல் நுனியை ஜாயின்ட்மேல் வைத்தாலே அந்தத் தட்டு தெரியும். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டமா? டை ராட் முனை. இதையெல்லாம் சரிசெய்த பிறகு அலைன்மென்ட், அதுவும் செய்வதற்கு முன்னும் செய்த பின்னும் உள்ள அளவுகளைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி.

மாருதி ஜிம்னி மாதிரி முன்சக்கரம் இரண்டையும் ஒரே திட அச்சு இணைக்கிற வண்டி என்றால் ஒரு விஷயம் கூடுதல். 70, 80-ல் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்குகிற மாதிரி இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும், மெதுவானால்தான் நிற்கும். பலர் இதற்கு ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிறார்கள். புது டேம்பர் கோளாறைச் சில மாதங்கள் மறைக்கும், அவ்வளவுதான். பான்ஹார்ட் ராட் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட், அதன் புஷ், கிங்பின் (சக்கரம் திரும்பும் மூட்டு) பேரிங், பேலன்சிங், இவற்றில்தான் காரணம் இருக்கும். அதே ஜிம்னியில் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் டயரின் உயரம் 4 சென்டிமீட்டர் கூடும். ஸ்டீயரிங் கனக்கும், பிக்கப் குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இதைக் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இறங்கி வந்தபின் 4எச்-சிலேயே (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் நிலை) தார் ரோட்டில் ஓட்டுவதும் நடக்கிறது. வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், டயர் இழுபடும், 4எச்-சை மாற்றும் லிவர் இறுகிக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் லிவர் விடும். அடிக்கடி இப்படி ஓட்டினால் கியர்கள் பாழாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. டயர் மாற்றி 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (சொன்ன அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். நடுக்கத்துக்குத் தளர்ந்த நட்டும் காரணமாக இருக்கும், அதைச் சோதிக்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அடுத்தது, நாலு டயரின் பக்கச்சுவரையும், உட்பக்கம் உட்பட, கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு தட்டுப்பட்டால் கல்லில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. அங்கேயே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.