கோணேசர் மலையில் குரலைப் பிடித்த விதம்

திருகோணமலையில், கோணேசர் மலை உச்சியில் ஒருவரைப் பேசவைத்து எடுத்தால் டிஎஸ்எல்ஆர் கேமராவின் மைக்கில் கடற்காற்றுத்தான் முதலில் விழும். பேச்சு நின்றதும், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெய்ன் அந்த இரைச்சலை இன்னும் தூக்கிவிடும்.

இப்போது பேசுபவரின் சட்டையில் ரோம உறை போட்ட காலர் மைக், பையில் ரெக்கார்டர். பதிவின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) 48 கிலோஹெர்ட்ஸ், ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி லெவலைக் கையால் வைப்பேன். கேமரா ஒலியையும் ஓடவிடுவேன், ரெக்கார்டர் ஒலியைப் படத்தோடு பொருத்த அது வேண்டும்.

அப்புறம் லென்சுக்கு முன்னால் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில், உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமை, அதாவது அந்தத் தனிப்படத்தை, ரெக்கார்டர் ஒலியின் அலைவடிவத்தில் தட்டு விழும் கூர்முனையோடு சேர்த்தால் சரி. செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் ஒன்று 40 மில்லிசெக்கன். நீண்ட பேச்சில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகி உதடும் குரலும் பிசகும். அதனால் இடையிடையே நிறுத்தி, மறுபடி தட்டவைப்பேன்.