முதல் நாள் வகுப்பிலேயே மதிப்பீட்டைப் பழக்குதல்

"மதிப்பெண் ஏன் குறைந்தது?" என்ற கேள்வி பருவத்தின் நடுவில் திரும்பத் திரும்ப எழுந்ததால், முதல் நாளில் பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டும் வழக்கத்தை மாற்றினேன். இப்போது நானே எழுதிய இரண்டு மாதிரிக் கட்டுரைகளையும் மதிப்பீட்டு அளவுகோலையும் கொடுத்து, மாணவர்களையே குழுக்களாக மதிப்பெண் இடச் சொல்கிறேன்; ஒரே கட்டுரைக்கு ஒரு குழு 8-உம் மற்றொன்று 5-உம் வழங்கும்போது எழும் வாதத்தில், சான்று காட்டுவதற்கும் கருத்தை மட்டும் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவாகப் புலப்படுகிறது. தாமதமாக ஒப்படைப்பதற்கான விதிகளை ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறேன். என்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பதைப் பெயரின்றி எழுதி வாங்கி, இயன்றதையும் இயலாததையும் அடுத்த வகுப்பில் காரணத்துடன் சொல்கிறேன். இந்தப் பதிலே மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் அதன் பிறகுதான் தயங்கும் மாணவர்களும் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.