பினாங்கின் ஈரக்காற்றில் தோட்டத்துப் பூக்களை நீர்வண்ணத்தில் தீட்டும் முறை

வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட நீர்வண்ணப் பாடங்கள், தாள் உலர்ந்துவிடும் முன் விரைந்து தீட்டுமாறு அறிவுறுத்துகின்றன. பினாங்கில், அதிலும் மழை ஓய்ந்த காலை வேளையில், தாளின் ஈரம் நெடுநேரம் நிற்பதால் இங்கே தேவைப்படுவது பொறுமையே. யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா ஆரிப் (1904–1962) போன்ற இத்தீவின் முன்னோடி ஓவியர்களும் இதே ஈரக்காற்றில்தான் நீர்வண்ணம் தீட்டினார்கள்.

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, சொரசொரப்பான பருத்தித் தாளும், நுனி கூரிய ஒரு பெரிய உருண்டைத் தூரிகையும் போதும். வண்ணங்களில் குவினாக்ரிடோன் ரோஸ் என்ற குளிர்ந்த இளஞ்சிவப்பு, ஆரஞ்சுச் சாயல் கொண்ட ஒரு சூடான சிவப்பு, ஒரு மஞ்சள், அல்ட்ராமரின் நீலம் ஆகிய நான்கே முதலில் வேண்டும். கறுப்பு வேண்டியதில்லை, 1874இல் பாரிசில் முதல் கண்காட்சி நடத்திய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நிழலில் நீலத்தையும் ஊதாவையும் கண்டார்கள், அந்தப் பார்வை நீர்வண்ணத்துக்கும் நன்கு பொருந்தும்.

பழகுவதற்கு வீட்டு வாசலிலுள்ள ஒற்றையடுக்குச் செம்பருத்தியே சிறந்தது. அதன் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடுவதால் காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். பென்சிலால் பூவின் நடுப்புள்ளியையும் வெளி எல்லையையும் மட்டும் மெல்லக் குறித்துக்கொண்டு, இதழ்களின் பரப்பில் தூய நீரைத் தடவுங்கள். அப்போது மகரந்தத் தண்டுக்கான குறுகிய பட்டையையும், ஒளி விழும் ஓரங்களில் சில ஒழுங்கற்ற துண்டுகளையும் உலர்வாகவே விட்டுவிட வேண்டும், ஏனெனில் சிவப்பின்மேல் பிறகு இடும் மஞ்சள் எடுபடாது.

இனி காத்திருப்பதே வேலை. தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாய்த்துப் பாருங்கள்: தேங்கிய நீரின் பளபளப்பு அடங்கி, பட்டுத்துணியின் மங்கிய மினுக்கம் மட்டும் எஞ்சியிருக்கும்போது, கெட்டியாகக் குழைத்த சிவப்பைப் பூவின் தொண்டைப் பகுதியில் வையுங்கள், அது தானாகவே வெளிநோக்கிப் பரவும். வெயில்பட்ட இதழில் சிறிது மஞ்சளையும், நிழலான இதழில் ரோஸுடன் நீலத்தையும் சேர்த்தால் இதழ்களைக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டியிராது. ஓரிரு விளிம்புகள் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். மற்றவை பின்னணியோடு கரையலாம்.

இந்தக் கட்டத்தில் தூரிகையிலுள்ள நீர் தாளிலுள்ளதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மிகுந்தால், புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக் காலிஃபிளவர் வடிவக் கறையை உண்டாக்கும். மின்விசிறியையோ முடி உலர்த்தியையோ மினுக்கம் முற்றிலும் மறைந்த பின்னரே பயன்படுத்துவது நல்லது, இல்லையேல் காற்றே வண்ணத்தை ஒதுக்கிவிடும். புறங்கையால் தொட்டால் தாள் குளிர்ச்சியாக இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடுத்த பூச்சு வேண்டாம்.

காகிதப்பூவுக்கு வேறு அணுகுமுறை தேவை. அதில் நிறம் காட்டுபவை இதழ்களல்ல, மூன்று பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவிலுள்ள சிறு வெண்குழல். தனித்தனிச் செதிலாக வரையாமல் கொத்தை ஒரே நிறத்திட்டாக இட்டு, அது உலர்ந்தபின் இடைவெளிகளில் கரும்பச்சையைச் செலுத்தினால் செதில்களின் வடிவம் தானே வெளிப்படும். 1884இல் தொடங்கப்பட்ட, பினாங்கின் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவின் அடர்ந்த நிழல்கள் இந்தக் கரும்பச்சையைப் பயில ஏற்றவை. நீலத்தோடு மஞ்சளும் துளிச் சிவப்பும் கலந்தால் அது கிடைக்கும்.

காகிதப்பூவின் பளீர் நிறம், ஓபரா ரோஸ் என்ற பளிச்சிடும் இளஞ்சிவப்பு வண்ணத்தைத் தேடவைக்கும். ஆனால் அது வெளிச்சத்தில் விரைவாக மங்கும். சட்டமிட்டு மாட்டும் படத்துக்குக் குவினாக்ரிடோனே தகும். எஞ்சிய தாள்களை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். காற்றின் ஈரத்தில், நீர் உடனே ஊறாமல் தடுக்கும் தாளின் பசைப்பூச்சு கெட்டால், வண்ணம் ஆங்காங்கே புள்ளிபுள்ளியாக உறிஞ்சப்படும். அந்தத் தாளைப் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.